வாளியில் ஓர் ஆமை

புதன்கிழமை எனக்கு ஓய்வு.
மற்ற ஆறு நாளும்
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறேன்.
கார்கள் ஏறும், கார்கள் இறங்கும்.
கோசோவுக்கும் மால்டாவுக்கும் நடுவே
இருபத்தைந்து நிமிட உப்பு.
புருவத்தில் உப்பு, கடிகாரப் பட்டையில் உப்பு,
மதிய ரொட்டியில்
போடாமலே உப்பு.

அதனால்தான் இந்தக் குளம்.
குளம் என்பது பெரிய வார்த்தை.
குட்டை என்றால் கோபித்துக்கொள்ளும்.
சுண்ணாம்புக்கல் தீவில்
களிமண் கொஞ்சம் கைகுவித்த இடத்தில்
மழை தங்கிப்போனது, அவ்வளவுதான்.
சுற்றிவர நூற்றுப்பதினாறு எட்டு.
எண்ணியிருக்கிறேன்.
போன ஆகஸ்டில் எழுபது.

இன்று கையில் ஒரு பெயின்ட் வாளி.
உள்ளே ஆமை.

அக்கா மகன் ஜில்யன் வளர்த்தது.
மெல்பர்னுக்குக் கிளம்பிய அன்று
"ரெண்டு மாசம்தான் சித்தி" என்றான்.
நாலு வருஷம்.
அங்கே அவனுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை,
ஒரு காதலி, இப்போது ஒரு குழந்தை.
இங்கே என் குளியல்தொட்டியில்
தீப்பெட்டியளவு வந்தது
சாப்பாட்டுத் தட்டளவு ஆகிவிட்டது.
காதோரம் சிவப்புக் கோடு,
எப்போதோ யாரோ அறைந்தாற்போல்.

பேருந்து நின்ற இடத்திலிருந்து
கல்சுவர்களுக்கு நடுவே இறக்கம்.
சாந்து பூசாத சுவர்கள்,
இடுக்கெல்லாம் பல்லி வால்.
மார்ச் மாதம் மட்டும் இந்தத் தீவுக்குப் பச்சை தெரியும்:
பெருஞ்சீரகச் செடி இடுப்பு வரை,
புளியாரைப் பூ மஞ்சள் மஞ்சளாக,
சப்பாத்திக்கள்ளி கூட
முகம் கழுவினாற்போல் நின்றது.
வாளிக்குள் நகம் சுரண்டும் சத்தம்.
வேறு சத்தமில்லை.

கரையில் ஒரு பலகை.
செல்லப்பிராணிகளை இங்கே விடாதீர்கள்.
பறவைக்குக் குறிவைத்தவர்கள்
பலகையைச் சுட்டிருந்தார்கள்.
"விடாதீர்கள்" நடுவே
மூன்று ஓட்டை வானம்.

அப்புறம்தான் பார்த்தேன்.
நடுப்பாறையில் ஏற்கெனவே ஏழு.
கழுத்தை நீட்டி, கால்களை விரித்து,
பொதுக்குளத்துக்கு வந்த ஓய்வூதியக்காரர்கள் மாதிரி
வெயில் காய்ந்துகொண்டு.
ஏழுக்கும் காதோரம் சிவப்பு.
ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் குளியல்தொட்டி.
யாரோ ஒருவரின் ரெண்டு மாசம்.

போன வருஷம் இதே வாரம்
தவளைகள் கத்திய கத்தில்
என் செருப்புச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு போடும் விஸ்தின்
மோட்டாரைக் கிளப்ப வந்தவர்
வாளியைப் பார்த்தார்.
"என்ன சால்வினா அது?"
"பெயின்ட்."
"என்ன நிறம்?"
"நீலம்."
"நீலத்துக்கு நகமெல்லாம் இருக்கிறதே."

எட்டிப் பார்க்கவில்லை அவர்.
சிகரெட் பற்றவைத்து
புகையை நாணல் பக்கம் ஊதினார்.
"விடுவதானால் விடு. நான் பார்க்கவில்லை.
அந்தப் பெரியது இருக்கிறதே, கடைசியில்...
அது என் வீட்டுப் பெயின்ட்."

மோட்டார் கிளம்பியது.
குழாய் ஒருமுறை உடலை முறுக்கி
குடிக்கத் தொடங்கியது.
அவர் போய்விட்டார்.
நான் உட்கார்ந்திருந்தேன்.
தாழைக்கோழி ஒன்று
நாணலுக்குள்ளிருந்து தலையை நீட்டி
என்னைக் கணக்கில் எடுத்து
மறுபடி உள்ளே போனது.
ஒரு தவளை, ஒரே ஒரு தவளை,
எங்கிருந்தோ, ஒரே ஒரு தரம்.
பதிலுக்குக் காத்திருந்தது.
நானும் காத்திருந்தேன்.

கடைசியில் செய்தது இதுதான்:
வாளியைச் சாய்த்து
குளத்து நீரை மொண்டேன்.
நாலு வருஷக் குழாய்த்தண்ணீர் குடித்த ஆமை,
வந்ததற்கு அதுவாவது ஆகட்டும் என்று.
ஏற்றம் முழுக்க அலம்பி அலம்பி
பாவாடை நனைந்தது.
நக்கிப் பார்த்தேன்.
உப்பில்லை.

பேருந்தில் வெளிச்சத்துக்கு வந்தபோது
வாளியில் இருந்தவை:
ஒரு நாணல் துணுக்கு,
ஆமை,
வால் முளைத்த ஒரு கறுப்புப் புள்ளி.

சன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது.
திரும்பிக் குனிந்தேன்.
நாணல் துணுக்கு,
ஆமை.

இரவு ஜில்யனுக்குச் செய்தி அனுப்பினேன்:
நன்றாக இருக்கிறது.
நன்றாகச் சாப்பிடுகிறது.